முதல் டிஜே நிகழ்ச்சிக்கு ஆயத்தமாவது எப்படி: தோட்டத்துப் பட்டணத்துப் புதியவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் டிஜேயாகத் தொடங்கும் இளைஞருக்கு முதல் வாய்ப்பு இரவு விடுதியில் கிடைப்பதில்லை. உறவுக்காரர் வீட்டுத் திருமண விருந்திலோ, பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) நடக்கும் இருபத்தொன்றாவது பிறந்தநாளிலோதான் கிடைக்கிறது. அங்கே, வாழ்நாளெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டியும், செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் மாமாவும், கோலாலம்பூரிலிருந்து வார இறுதிக்கு வந்த பேரப்பிள்ளைகளும், மாப்பிள்ளையோடு வேலை செய்யும் மலாய், சீன நண்பர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். அறைக்குள் மாதக்கணக்கில் மிக்சிங் (பாடல்களை ஒன்றோடொன்று கலப்பது) பயின்ற பிள்ளைகள் பலர் இந்த மண்டபத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கைத்திறன் குறைவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சத்தத்தை ஏற்றிவிட்டார்கள், அல்லது கையிலிருந்த கேபிள் மண்டபத்து மிக்சரில் (எல்லா ஒலியையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவியில்) பொருந்தவில்லை, அல்லது பாட்டி எழுந்து ஆடக்கூடிய பாட்டு ஒன்றுகூடக் கைவசம் இல்லை. மூன்றுமே வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தடுத்திருக்கக்கூடியவை.

மண்டபத்தை ஒரு வாரம் முன்பே பாருங்கள்

நிகழ்ச்சிக்கு ஒரு வாரத்திற்கு முன்பாவது, முடிந்தால் வேறொரு விருந்து நடந்துகொண்டிருக்கும் இரவிலேயே, மண்டபத்திற்கு நேரில் சென்று பாருங்கள். ஒலி அமைப்பு மண்டபத்துக்குச் சொந்தமானதா, வெளியிலிருந்து வாடகைக்கு வருகிறதா, அதை இயக்குபவர் யார் என்று விசாரித்து, அந்த அண்ணனின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிரவு முழுவதும் உங்கள் ஒலி அவர் கையில்தான் இருக்கப்போகிறது என்பதால், அவரிடம் மரியாதையோடும் முன்கூட்டியும் பேசிவைப்பது எந்தக் கருவியையும்விடப் பயன்தரும்.

அவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அவருடைய மிக்சரில் என்ன வகைத் துளைகள் காலியாக இருக்கும் என்பதே. புதியவர்கள் பரவலாக வாங்கும் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற சிறிய கன்ட்ரோலரில் (லேப்டாப்பிலுள்ள பாடல்களை இயக்கிக் கலக்கும் கருவியில்), ஸ்பீக்கருக்கு ஒலி செல்லும் வழி சிவப்பும் வெள்ளையுமான ஆர்சிஏ துளைகள் மட்டுமே. மண்டபத்து மிக்சரிலோ பெரும்பாலும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக் இணைப்பு) அல்லது கால் அங்குல ஜாக் துளைகள்தான் இருக்கும். ஆகவே ஆர்சிஏ-யிலிருந்து கால் அங்குல ஜாக்குக்கு மாறும் கேபிள் இரண்டு உங்கள் பையில் இருக்கவேண்டும். ஒன்று போதாது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு கேபிள் அறுந்தால், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஈப்போவுக்கு ஓடினாலும் கடை திறந்திருக்காது. மேலும், ஆர்சிஏ கேபிள் நீண்டால் வழியில் இரைச்சல் சேர்ந்துகொள்ளும். உங்கள் மேசைக்கும் மிக்சருக்கும் இடையே சில மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால், டிஐ பாக்ஸ் (நீண்ட கேபிளில் இரைச்சல் சேராமல் ஒலியை அனுப்ப உதவும் சிறு பெட்டி) ஒன்றைத் தருமாறு ஒலி அண்ணனிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

அடுத்து மின்சாரம். நம் நாட்டு மூன்று முள் பிளக்கின் 13 ஆம்பியர் ஃபியூஸ் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். விருந்து சமைப்பவர் வைக்கும் தண்ணீர் கொதிகலன் ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடும். உங்கள் மேசைக்கு வரும் இணைப்பிலேயே அவரும் சொருகினால், மணமக்கள் நுழையும் நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்படலாம். எனவே உங்களுக்கெனத் தனிச் சாக்கெட் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உருளையில் சுற்றிய நீட்டிப்பு வயரைப் பயன்படுத்துவதாக இருந்தால், தேவை இரண்டு மீட்டர்தான் என்றாலும் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள், ஏனெனில் சுற்றிய நிலையில் அதிக மின்சாரம் பாய்ந்தால் வயர் சூடேறி உருகிவிடக்கூடும்.

தகரக் கூரை மண்டபமாக இருந்தால் இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். மாலை மழை கொட்டத் தொடங்கினால், அந்த இரைச்சலை மீறிப் பேச்சு கேட்காது. மழையோடு போட்டி போட்டுச் சத்தத்தை ஏற்றாமல், மழை ஓயும்வரை தாளம் தெளிவான பாடல்களைப் போட்டு, உரைகளைச் சற்றுத் தள்ளிவைக்குமாறு அறிவிப்பாளரிடம் சொல்லுங்கள்.

பாடல்களைத் தேர்வதும் அடுக்குவதும்

முழு ஆயத்தத்தில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். இரண்டு மணி நேர ஆட்டத்திற்கு, ஒவ்வொரு பாடலையும் மூன்று நிமிடம் ஓடவிட்டாலும் நாற்பது பாடல் வேண்டும். அதைப்போல் இரு மடங்கை அடுக்கிவைத்திருந்தால்தான் கூட்டத்தின் போக்குக்கேற்ப மாற முடியும். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் சுமந்துசெல்வது உதவாது. முழுமையாகக் கேட்டறியாத பாடல் எங்கே சொற்கள் தொடங்குகிறது, எங்கே தாளம் நிற்கிறது என்று தெரியாமல் அதைக் கூட்டத்தின் முன் போடுவது, படிக்காத கடிதத்தைச் சபையில் வாசிப்பதற்குச் சமம்.

மண வீட்டாரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்: கட்டாயம் ஒலிக்கவேண்டிய பாடல்கள் எவை, எந்தப் பாடல் ஒலிக்கவே கூடாது, மூத்தவர்களில் யார் ஆட எழுந்திருப்பார். மூன்றாவது கேள்வியைப் புதியவர்கள் கேட்பதே இல்லை. ஆனால் அதன் பதில்தான் ஆட்டக்களத்தைத் திறக்கும் சாவி. பெரிய மாமா எம்.ஜி.ஆர். காலத்துப் பாட்டுக்கு எழுந்துவிட்டால், அவர் பின்னால் அந்தக் குடும்பமே எழுந்துவிடும். மலேசியத் தமிழ் ராப் பாடல்களை இளையவர்கள் எதிர்பார்ப்பார்கள். மலாய் நண்பர்களுக்கு அவர்களின் நடன இசையான ஜோகெட் தாளத்தில் ஒன்றிரண்டும், பஞ்சாபிப் பங்ரா ஒன்றும் இருந்தால் யாரும் விருந்தாளியாக ஒதுங்கி நிற்கமாட்டார்கள். கெட்ட வார்த்தை வரும் பாடல்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். கோயில் மண்டபம் என்றால், அவற்றைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

இனி, நம் பாடல்களுக்கே உரிய சிக்கல் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இணையத்தில் கிடைக்கும் டிஜே பாடங்கள் பெரும்பாலும் கணினியில் உருவான, நான்கு எண்ணிக்கையில் சீராக ஓடும் நடன இசையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த நம் திரைப்பாடல்கள் அப்படிப்பட்டவை அல்ல. வாத்தியக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவான அவற்றில், பல்லவியில் இருந்த வேகம் சரணத்தில் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். மென்பொருள் தொடக்கத்தில் கணக்கிட்ட பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்) கோடுகள் பாட்டின் நடுவில் தாளத்தை விட்டு விலகிவிடுவதால், வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானை நம்பி இரண்டு பாடல்களைக் கோத்தால், இரண்டு தாளமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும். இத்தகைய பாடல்களை நீண்ட நேரம் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடவிடாதீர்கள்.

டப்பாங்குத்தில் மற்றொரு சிக்கல் உண்டு. அதன் ஒவ்வொரு அடியும் மூன்று மூன்றாகப் பிரியும் ஆறு எட்டு நடையில் அமைந்தது. இன்றைய பாப், ஹிப் ஹாப் பாடல்களின் அடிகள் இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் பிரிகின்றன. பிபிஎம் எண் சரியாகப் பொருந்தியிருந்தாலும் உள்ளோட்டம் மோதும். காரணம் புரியாமலேயே ஆடுபவர்களின் கால் தடுமாறும். குத்துப் பாடல்களை ஒரு தொகுப்பாகவும் மற்றவற்றை வேறொரு தொகுப்பாகவும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எக்கோவை (எதிரொலி) இயக்கி, முதல் பாட்டின் ஒலி கரையும் கணத்தில் அடுத்ததன் முதல் அடியைச் சரியாக விடுவதே பாதுகாப்பான வழி. எட்டுப் பாடலுக்கு ஒருமுறை அறிவிப்பாளரை ஒரு வாக்கியம் பேசச் சொன்னாலும் மாற்றம் இயல்பாக நடந்துவிடும்.

ஒரே நடையுள்ள பாடல்களைக் கலக்கும்போது ஒரு பழக்கத்தை மட்டும் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது பாட்டைக் கொண்டுவரும் முன் அதன் அடிநாதக் (பேஸ்) குமிழை முழுவதும் இறக்கிவைத்து, பாட்டின் புதிய பகுதி தொடங்கும் அடியில் முதல் பாட்டின் அடிநாதத்தை இறக்கிக்கொண்டே இரண்டாவதன் அடிநாதத்தை ஏற்றுங்கள். இரண்டு அடிநாதங்கள் ஒரே சமயத்தில் ஒலித்தால் பெரிய ஸ்பீக்கரில் சேறுபோலக் குழம்பும். வீட்டு ஸ்பீக்கரில் இந்தக் குழப்பம் தெரிவதில்லை.

பாடல்கள் 320 கேபிபிஎஸ் (எம்பி3 கோப்பின் உயர்ந்த தரம்) தரத்தில் இருக்கவேண்டும், முறையாக விலைகொடுத்து வாங்கியவையாக இருக்கவேண்டும். வீடியோவிலிருந்து உருவியெடுத்த கோப்புகள் மண்டப ஸ்பீக்கரில் தெளிவிழந்து ஒலிக்கும். தோட்டத்துப் பக்கம் இணையத் தொடர்பு எந்நேரமும் அறுந்துபோகலாம் என்பதால், இணையத்திலிருந்து நேரடியாக ஒலிக்கும் சேவைகளை நம்பவே வேண்டாம். எல்லாப் பாடல்களையும் லேப்டாப்பிலும், அதே அடுக்கில் ஒரு பென்டிரைவிலும், முக்கியமான இருபது பாடல்களைக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் சிடிஜே கருவிகள் (பென்டிரைவிலிருந்தே பாடல் போடும் டிஜே பிளேயர்கள்) இருந்தால் பென்டிரைவை ஃபாட்32 முறையில் ஃபார்மேட் செய்திருப்பது நல்லது; பழைய மாதிரிகள் எக்ஸ்ஃபாட் முறையைப் படிக்காது.

லேப்டாப்பின் அமைப்புகள்

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என் முதல் விருந்தில் மின்சேமிப்பு அமைப்பை மாற்றாமல் போனேன். கேக் வெட்டும் நேரத்தில் நீளமான பாட்டு ஒன்றை ஓடவிட்டுக் கையைக் கட்டி நின்றபோது, திரை கறுத்து, லேப்டாப் உறங்கி, மண்டபம் அமைதியானது. மீண்டும் ஒலி வர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் கத்தியைப் பிடித்த கையோடு மணப்பெண் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து, கிளம்பும் முன் உறக்க நேரத்தை நீக்குகிறேன், தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துகிறேன், வைஃபையையும் அறிவிப்பு ஒலிகளையும் அணைக்கிறேன், பிறகு கன்ட்ரோலரை நேரடியாக லேப்டாப்பின் துளையில் சொருகி, நிகழ்ச்சியின் முழு நீளத்துக்கும் வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். சார்ஜரைச் சொருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்தால், லேப்டாப்பையும் ஒலி அமைப்பையும் ஒரே மின்வழியில் இணைத்துப் பாருங்கள். எந்தக் காரணத்திற்காகவும் பிளக்கின் நிலக்கம்பியை (எர்த்)த் துண்டிக்காதீர்கள்.

நிகழ்ச்சி நாள்

அழைப்பிதழில் ஏழு மணி என்றிருந்தால், நான்கரைக்கே மண்டபத்தில் இருங்கள். ஒலிச் சோதனையில், உங்கள் கன்ட்ரோலரின் விளக்குகள் பச்சையைத் தாண்டி ஆரஞ்சைத் தொட்டுத் திரும்பும் அளவில் நிறுத்தி, அதற்கு மேல் சத்தம் வேண்டுமானால் ஒலி அண்ணனையே ஏற்றச் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஒலி சிதைகிறது என்று பொருள். சிதைந்த ஒலியை எந்த ஸ்பீக்கராலும் சீராக்க முடியாது. மக்கள் நிறைந்ததும் அவர்கள் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், காலி மண்டபத்தில் சற்றுக் கூர்மையாகக் கேட்பதைக் கண்டு பதற வேண்டாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரின் முன்னால் நடந்து பார்த்து, எந்த இடத்தில் ஊளையிடுகிறதோ அந்த இடத்தை அறிவிப்பாளருக்குக் காட்டிவிடுங்கள்.

பக்கத்தில் பள்ளிவாசலோ சிறு தொழுகைக் கூடமான சூராவோ இருந்தால், மக்ரிப் (அந்தி), இஷா (இரவு) தொழுகை அழைப்புகளின் அன்றைய நேரத்தைப் பார்த்து மேசையில் எழுதிவைத்து, அந்த நிமிடங்களில் இசையை நிறுத்துங்கள். நம் பட்டணங்களில் இது காலங்காலமாக இருந்துவரும் பண்பு. உறுமி மேளக் குழு வருகிறதென்றால், அவர்களின் தலைவரிடம் நேரம் பேசி வைத்துக்கொண்டு, அவர்கள் வாசிக்கும்போது உங்கள் ஒலியை முழுவதும் இறக்கிவிடுங்கள்.

விருந்தினர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரையுள்ள நேரமே, என் கருத்தில், டிஜேயின் தரம் தெரியும் நேரம். ஆட்டத்தின்போது கூட்டமே உங்களைத் தூக்கிச் செல்லும். சாப்பாட்டு நேரத்தில் அப்படி ஒரு துணை இல்லை. பல ஆண்டுகளாகப் பார்க்காத உறவுகள் மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள். குரலை உயர்த்தாமல் அவர்கள் பேசிக்கொள்ள முடிகிறதா என்று நீங்களே கடைசி மேசைவரை நடந்து சென்று கேளுங்கள். ஸ்பீக்கருக்கு அருகில் மூத்தவர்கள் அமர்த்தப்பட்டிருந்தால், மேசையை மாற்ற முடியுமா என்று வீட்டாரிடம் பணிவாகக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் எந்தப் பாட்டுக்கு யார் தலையாட்டுகிறார், எந்த மேசை சேர்ந்து பாடுகிறது என்று கவனித்துக் குறித்துக்கொண்டால், ஆட்டம் தொடங்கும்போது எந்தப் பாட்டை முதலில் போடவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

களம் நிறைந்தபின் எல்லா நல்ல பாட்டையும் முதல் இருபது நிமிடத்தில் செலவழித்துவிடாதீர்கள். மூன்று நான்கு வேகமான பாடல்களுக்குப் பின் சற்றுத் தணிந்த ஒன்றைப் போட்டால், களைத்தவர்கள் விலகி, காத்திருந்தவர்கள் உள்ளே வருவார்கள். பாட்டுக் கேட்டு வருபவரிடம் மறுப்பதாக இருந்தாலும் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். எங்கேனும் தள்ளுமுள்ளு தொடங்கினால், ஒலியை மெல்ல இறக்கி, விளக்கைப் போடச் சொல்லி, மைக்கை வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் காதையும் காத்துக்கொள்ளுங்கள்: 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கக்கூடிய காது, 100 டெசிபலில் 15 நிமிடமே தாங்கும் என்பது தொழில்நலத் துறையினர் பின்பற்றும் ஒரு கணக்கு. இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

மண்டபம் எத்தனை மணிக்கு முடிக்கச் சொன்னதோ, அதற்குப் பத்து நிமிடம் முன்பே கடைசிப் பாட்டை அறிவித்துவிடுங்கள். அது முடிந்ததும் ஒலியைச் சட்டென்று அறுக்காமல், மக்கள் பாத்திரத்தையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போகும்வரை மெல்லிய பாடல்களை ஓடவிடுங்கள். பிறகு கேபிள்களை எண்ணிச் சுருட்டி, ஒலி அண்ணனிடம் நன்றி சொல்லி, வீட்டுக்குக் கிளம்பும் முன் காரிலேயே உட்கார்ந்து, எந்தப் பாட்டுக்குப் பாட்டி எழுந்தார், எந்தப் பாட்டுக்குக் களம் காலியானது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது நிகழ்ச்சியின் பாடல் அடுக்கை அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.