செல்லுலைட்டிஸுக்கு 5 நாள் மருந்து போதுமா? சோதித்துப் பார்க்கும் முறை

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் கணக்குப் போட்டுத் தருவது என் பிழைப்பு. மேற்படிப்பு மாணவர்கள் அடிக்கடி கொண்டுவரும் கேள்வி இது: செல்லுலைட்டிஸுக்கு (தோலிலும் அதன் அடியிலும் பரவும் கிருமித்தொற்று) 10 நாள் ஆன்டிபயாடிக் எதற்கு, 5 நாள் போதாதா? நல்ல கேள்விதான். ஆனால் பாதிப் பேர் முதல் நாளே குலுக்கல் போட்டுக் குழு பிரித்துவிடுகிறார்கள்.

முதல் 5 நாள் எல்லோருக்கும் ஒரே சிகிச்சைதானே? குலுக்கலை 5-ஆம் நாள் வையுங்கள். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ராணுவ மருத்துவர்கள் நடத்தி, 2004-இல் வெளியான ஆய்வில் இப்படித்தான் செய்தார்கள். எல்லோருக்கும் 5 நாள் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். தேறிவந்த 87 பேரை மட்டும் குலுக்கி, ஒரு குழுவுக்கு அதே மருந்து, மற்றதற்கு வெற்று மாத்திரை, இன்னும் 5 நாள். 28-ஆம் நாள் இரு பக்கமும் 98 சதவீதம் குணம். தேறாதவருக்கு மருந்தை நிறுத்திப் பார்க்க எந்த நெறிமுறைக் குழுவும் விடாது, விடவும் கூடாது.

சீழ்க்கட்டி உள்ளவர்களைச் சேர்க்காதீர்கள்; கீறிவிட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும், மருந்தின் பங்கு தெரியாது. இரண்டு காலும் ஒரேபோல் சிவந்திருந்தால் சந்தேகப்படுங்கள், அது கிருமித்தொற்றாகவே இல்லாமல் இருக்கலாம்.

சிவப்பின் ஓரத்தை மார்க்கரால் வரைந்து, ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். 5-ஆம் நாள் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருப்பது சகஜம். முழுக்க மறைந்தால்தான் தேறியதாகக் கணக்கு என்று எழுதினால் உங்களுக்கு ஆளே தேறாது.

அப்புறம் எண்ணிக்கை. வழக்கமாக 90 சதவீதம் பேர் குணமாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறுகிய சிகிச்சை 10 சதவீதப் புள்ளிக்கு மேல் பின்தங்கவில்லை என்று 80 சதவீத பவரோடு (அதாவது, இரண்டும் உண்மையில் சமமென்றால் ஆய்வு அதைக் காட்டிவிட 80 சதவீத வாய்ப்பு) காட்ட, குழுவுக்குச் சுமார் 142 பேர் வேண்டும். 5 புள்ளியாக இறுக்கினால் 565-ஐத் தாண்டும். மாணவர் முகம் வாடுவது இங்கேதான். 30 பேரை வைத்துக்கொண்டு "வித்தியாசம் இல்லை" என்று எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

28-ஆம் நாளோடு கடையைக் கட்டிவிடாதீர்கள். நெதர்லாந்தில் மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு 6 நாளா 12 நாளா என்று ஃப்ளூக்ளாக்சசிலினைச் சோதித்தார்கள். 2020-இல் வெளியானது, 151 பேர். 28-ஆம் நாள் வரை இரண்டும் ஏறக்குறைய சமம். 90 நாளுக்குள் நோய் திரும்பியது 6 நாள் குழுவில் 24 சதவீதம், 12 நாள் குழுவில் 6 சதவீதம். அதனால் நோய் திரும்ப வழிசெய்யும் கால் வீக்கம், சேற்றுப்புண், முன்பு வந்த செல்லுலைட்டிஸ் எல்லாவற்றையும் முதல் நாளே குறித்துவையுங்கள். நோயாளியின் போன் எண்ணோடு வீட்டில் இன்னொருவர் எண்ணும் வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து முதல் எண் எடுக்காது.