உணவகத்தில் சர்வர் வேலை நேர்காணல்: மேனேஜர் எதைப் பார்க்கிறார்?

நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றால் மதியம் 2 முதல் 4 மணிக்குள் கேளுங்கள். கூட்டம் நெரியும்போது போனால் மேனேஜர் அரைக் காதில்தான் கேட்பார். 10 நிமிடம் முன்னதாகப் போய், வாசலில் நிற்பவரிடமும் மரியாதையாகப் பேசுங்கள். "ஆள் எப்படி?" என்று பிறகு அவரிடம் விசாரிப்பதுண்டு.

இஸ்திரி போட்ட சட்டை, அடர்நிற பேன்ட், மூடிய ஷூ, வெட்டிய நகம் போதும். சென்ட் வேண்டாம்.

முந்தைய நாளே மெனுவைப் படியுங்கள். மேனேஜர் வாடிக்கையாளர் மாதிரி "எதைச் சாப்பிடலாம்?" என்று கேட்டால் "எல்லாமே நல்லா இருக்கும்" என்பது பதிலே அல்ல. காரம் பிடிக்குமா, எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டு ஒரு ஐட்டத்தைச் சொல்லுங்கள்.

பலர் சறுக்குவது, கோபமான வாடிக்கையாளரைப் பற்றிய கேள்வியில். குறுக்கிடாமல் கேட்பேன், மன்னிப்புக் கேட்பேன், தட்டை மாற்றித் தரச் சொல்வேன், மேனேஜருக்கும் தெரிவிப்பேன். இந்த வரிசையில் சொல்லுங்கள். "பில்லில் நானே கழித்துவிடுவேன்" என்று சொல்லிவிடாதீர்கள். பல கிளைகள் உள்ள சங்கிலி உணவகங்களில் அந்த அதிகாரம் பெரும்பாலும் சர்வருக்கு இருக்காது. சமையலறைமேல் பழி போடுவதும் எடுபடாது. வேர்க்கடலை ஒவ்வாமை என்று ஒருவர் சொன்னால்? ஊகிக்காமல் சமையலறையில் கேட்டுத்தான் சொல்வேன் என்பதே சரியான பதில்.

வார இறுதியில் வர முடியுமா என்று நிச்சயம் கேட்பார்கள். முடியாத நாளை அப்போதே சொல்லுங்கள். வேலையில் சேர்ந்தபின் சொன்னால் ஷிப்ட் குறையலாம்.

கிளம்பும் முன் நீங்களும் கேளுங்கள்: பயிற்சி எத்தனை நாள், அதற்குச் சம்பளம் உண்டா, டிப்ஸை எப்படிப் பிரிக்கிறார்கள்?