புது டிபி பாக்ஸ்: கடைக்குப் போவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூரில் ஏசி மெக்கானிக்குக்கு அடுத்தபடி எலக்ட்ரீஷியனுக்குத்தான் கிராக்கி. மத்தியானம் ஏசியைப் போட்டால் ட்ரிப் ஆகிறது. “டிபி ரொம்பப் பழசு சார், மாத்திடலாம்” என்பார் வந்தவர். டிபி என்றால் மீட்டரிலிருந்து வரும் கரண்டை வீட்டின் லைன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. சரி, மாற்றலாம். எதை வாங்குவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

இருப்பதிலேயே பெரிய தவறு, அடிக்கடி விழுகிறதே (ட்ரிப் ஆகிறதே) என்று எம்சிபியின், அதாவது லோடு கூடினால் தானாகவே கரண்டை நிறுத்தும் சுவிட்சின், ஆம்பியரைக் கூட்டி வாங்குவது. எம்சிபி இருப்பதே சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றத்தான். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25 என்பது வழக்கமான கணக்கு. பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டைக் கழற்றினால் மூன்று மெல்லிய கம்பிகள் முறுக்கிய 3/22 ஒயர் எட்டிப் பார்க்கும். அது சுமார் 1.2 ஸ்கொயர்தான். அந்த லைனில் 20 ஆம்பியர் எம்சிபியை மாட்டினால், ஒயர் சூடாகி இன்சுலேஷன் இளகினாலும் எம்சிபி பேசாமல் இருக்கும். ஆகவே முதலில் ஒவ்வொரு லைனிலும் என்ன ஒயர் ஓடுகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஏசிக்கு 4 ஸ்கொயரில் தனி லைன் இழுக்க வேண்டியிருந்தால் பெட்டியைவிட அந்தச் செலவுதான் முக்கியம்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. எம்சிபியில் போட்டிருக்கும் ஆம்பியர் 30 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொன்னது. வெளியே 41, 42 டிகிரி அடிக்கும்போது மேற்குச் சுவரில் பதித்த பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். போட்டிருக்கும் அளவுக்குக் கொஞ்சம் கீழேயே எம்சிபி விழும். நிழலான சுவருக்குப் பெட்டியை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். இடம் விட்டு வாங்குங்கள்: எட்டு லைன் இருந்தால் பன்னிரண்டு வே பெட்டி, அதாவது பன்னிரண்டு லைனுக்கு இடமுள்ளது. சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி மாடியை அறை அறையாகத் தடுத்து, நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம். அறைக்கு ஒரு கீசர் என்று ஏறிக்கொண்டே போகும். 3 கிலோவாட் கீசர் ஒன்றே 13 ஆம்பியர் இழுக்கும்.

அடுத்தது ஆர்சிசிபி, அதாவது கரண்ட் லீக் ஆனால் உடனே நிறுத்தும் சுவிட்ச். ஷாக் அடிக்காமல் காக்க 30 மில்லி ஆம்பியர் கேட்டு வாங்க வேண்டும். 100, 300 அந்த வேலைக்கு உதவாது. ஆர்சிசிபி இருந்தால் எம்சிபி வேண்டாம் என்பதும் தப்பு, ஓவர்லோடு அதற்குத் தெரியாது. எர்த் சரியாக இருக்க வேண்டியதும் தனிக் கதை. பாறை மண்ணில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோனால் பிடிமானம் குறைந்துவிடும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரு சிக்கல் தவறாமல் வரும். புது ஆர்சிசிபி மாட்டிய அன்றே காரணமில்லாமல் விழும். பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைன்களின் நியூட்ரலும் மற்ற லைன்களின் நியூட்ரலும் ஒரே லிங்க்கில் (நியூட்ரல் ஒயர்களைச் சேர்த்து இறுக்கும் பட்டையில்) கலந்திருக்கும். ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் ஒத்துப்போகாததால் லீக்கேஜ் என்று நினைத்து அது விழுகிறது. “பீஸ் சரியில்லை” என்று சொல்லி ஆர்சிசிபியைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். விடாதீர்கள். நியூட்ரல் லிங்க் இரண்டு வைக்க வசதியுள்ள பெட்டியாகக் கேளுங்கள்.

த்ரீ ஃபேஸ் வீடு என்றால் நியூட்ரல் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று நின்று பாருங்கள். அது லூஸானால் ஏதாவது ஒரு ஃபேஸில் வோல்டேஜ் எகிறி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போகும்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத எம்சிபியைத் தொடவே வேண்டாம். பெட்டி ஒரு கம்பெனி, எம்சிபி இன்னொரு கம்பெனி என்று கலந்து வாங்கினால் எம்சிபிகளைச் சேர்க்கும் உலோகப் பட்டையான பஸ்பார் சரியாக உட்காராமல் போகலாம். மீட்டர் பக்கத்து சீலில் மட்டும் எலக்ட்ரீஷியன் கை வைக்க விடாதீர்கள், அது இபி ஆட்களின் வேலை. லோடு கூடுகிறதென்றால் அதற்கும் அவர்களிடம்தான் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.