மூலிகை மணம் தைலமாகிவிடும் இடம்

சென்ட் கலக்கப் பழகுபவர்கள் கொண்டுவரும் சிறு சீசாக்களைத் திறக்கும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் நானே செய்து கொட்டிய கலவைகள்தாம் மூக்கில் ஏறுகின்றன. ஆண்களுக்கான புத்துணர்ச்சி மிக்க மூலிகை மணம் எளிதானது என்று நம்பித்தான் பெரும்பாலோர் அதிலிருந்து தொடங்குகிறார்கள். நிறுவையில் பிழை செய்வதையும் மூடியைத் திறந்து வைப்பதையும் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு முறை பட்டாலே திருந்திவிடும். திரும்பத் திரும்பக் காணும் தவறுகள்தாம் இங்கே.

புத்துணர்ச்சி நிலைக்க மூலிகையைக் கூட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்), எலுமிச்சை, புதினா ஆகியவை முதலில் பளிச்சென்று எழுந்து சிறிது நேரத்திலேயே அடங்கிவிடுவது அவற்றின் குறையன்று. எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகள் என்பதால்தான் அவை அவ்வளவு துடிப்பாக மணக்கின்றன. இதை உணராமல், மணம் ஓடிவிடுகிறதே என்று ரோஸ்மேரியையும் லாவெண்டரையும் மேன்மேலும் ஊற்றினால், ரோஸ்மேரியிலுள்ள, யூகலிப்டஸ் போல மணக்கும் சினியோலும் கற்பூரமும் தலைதூக்கி, சட்டையில் தெளிக்க வேண்டியது நெஞ்சில் தேய்க்கும் தைலமாகிவிடுகிறது.

நான் ரோஸ்மேரியை மூன்று முறை கூட்டினேன். ஒவ்வொரு முறையும் மணம் பார்க்கும் காகிதச் சீட்டைத் தோய்த்த கையோடு முகர்ந்து, "அருமை" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அந்தத் துணிச்சலில் அரை லிட்டர் கலந்தும் விட்டேன். மறுநாள் காலையில் அதே சீட்டை எடுத்தபோது வெறும் காகிதம்தான் மணந்தது. புதிதாகக் கையில் தடவிப் பார்த்த நண்பரோ, "சளி பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். சேர்த்து வைத்திருந்த நல்ல லாவெண்டர் எண்ணெய் முழுவதும் அந்த அரை லிட்டரில் போயிற்று.

புத்துணர்ச்சியைத் தாங்கிப் பிடிப்பது, மெல்ல ஆவியாகிக் கடைசிவரை தங்கும் அடிமணம். 1882-இல் ஹூபிகன் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே உருவாக்கிய 'ஃபூஜேர் ரோயால்' என்ற சென்ட் இதற்குப் பழைய சான்று. அதில் லாவெண்டருக்கு அடியில் கூமரினும் ஓக் பாசியும் இருந்தன. ஃபூஜேர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பெரணி என்று பொருள். பெரணிக்குச் சொல்லும்படியான மணமே கிடையாது என்பதால், அந்தச் சென்ட்டின் வழி வந்த ஒரு முழு மண வகையே கற்பனையின் பெயரில் நிற்கிறது என்பது வேடிக்கைதான். காய்ந்த புல்லின் இனிமையைத் தரும் கூமரினும் ஈர மரப்பட்டையை நினைவூட்டும் பாசியும் மெல்ல ஆவியாவதால், லாவெண்டர் மெலிந்த பிறகும் மூக்கு அங்கே பசுமையைத் தொடர்ந்து உணர்கிறது. ஆகவே அடிமணத்தை முதலில் கட்டி, சீட்டை ஒரு நாள் முழுவதும் வைத்துப் பார்த்து, அதன் பிறகே மூலிகைக்குக் கை நீட்ட வேண்டும். சீட்டில் தோய்த்த நேரத்தை எழுதாமல் என்னிடம் கொண்டுவந்தால் நான் முகர்வதே இல்லை.

பெயர் ஒத்திருந்தால் எண்ணெயும் ஒன்று என்று எண்ணுவது

லாவெண்டரின் கலப்பினமான லாவண்டின் விலை குறைவு, ஆனால் லாவெண்டரைவிட அதில் கற்பூர நெடி அதிகம். ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு அப்படியே வைத்தால் மேலே சொன்ன தைலம் மறுபடியும் வந்து நிற்கும்.

டைஹைட்ரோமிர்செனாலை அள்ளி ஊற்றுவது

புத்துணர்ச்சிக்காகச் சேர்க்கும் இந்தச் செயற்கை மணப்பொருள் மிகுந்தால், சென்ட் துவைத்த துணி போல மணக்கும்.

பழைய எலுமிச்சை எண்ணெய்

அதிலுள்ள லிமோனீன் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமடைந்தால் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கொட்டிவிடுங்கள்.

பெர்கமாட்டைக் கேள்வி கேட்காமல் வாங்குவது

வெயில் பட்டால் தோலைப் புண்படுத்தும் பெர்காப்டென் என்ற பொருள் நீக்கப்பட்ட எண்ணெய்தானா என்று கேட்டு வாங்குங்கள். நீக்காத எண்ணெயை மிகுதியாகச் சேர்த்துத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், தோல் கன்றிப்போய்க் கரும்படலம் தங்கிவிடும்.

பழைய கலவைக் குறிப்பை அப்படியே நகலெடுப்பது

ஓக் பாசியிலுள்ள அட்ரானோல், குளோரோஅட்ரானோல் ஆகிய இரண்டையும் ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடைசெய்தது. எனவே அவை நீக்கப்பட்ட பாசியையோ, எவர்னில் என்ற செயற்கைப் பொருளையோதான் பயன்படுத்த வேண்டியிருக்கும். எவர்னில் பாசியைவிட வறண்டு, சற்றே மாவு போல மணக்கும். அந்த ஈரம் தேவையென்றால் மண்வாசனை கொண்ட பச்சௌலி எண்ணெயைத் துளித்துளியாகச் சேர்த்துப் பார்க்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.