சித்வன் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்காவுக்குப் போவதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் புல் ஆளை மறைக்கும் உயரத்துக்கு நிற்கும். பத்தடி தூரத்தில் காண்டாமிருகம் நின்றாலும் கண்ணில் படாது. குளிர்காலத்தில் புல்லை அறுத்து எரித்த பிறகு, இளந்தளிர் மேய விலங்குகள் வெட்டவெளிக்கு வரும். டிசம்பர், ஜனவரியில் காலை மூடுபனி வேறு படுத்தும்.

ஜீப்பைவிட ரப்தி ஆற்றில் மரத்தோணியில் போவதே மேல் என்பேன். கரையில் கட்டை போலக் கிடப்பது சேற்று முதலையாக இருக்கலாம். மூக்கு நீண்டு மெலிந்திருந்தால் அது கரியால் என்ற இன்னொரு வகை முதலை. எதுவானாலும் கையைத் தண்ணீரில் விடாதீர்கள். காட்டுக்குள் நடந்து போக வழிகாட்டி கட்டாயம். வெள்ளை, சிவப்பு உடைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

காட்டைப் பார்த்த கையோடு ஊர் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். ஒரு பகலை, பூங்காவை ஒட்டிய சவுராஹா என்ற ஊரைச் சுற்றியுள்ள தாரு பழங்குடியினரின் கிராமங்களுக்கு ஒதுக்குங்கள். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சமநிலம் என்பதால் மிதிப்பது சுலபம். மண் பூசிய வீடுகள், வயல்கள், வாத்துகள் என்று அவசரமில்லாமல் சுற்றலாம். பறவைப் பிரியர்கள் பீஸ் ஹஜாரி ஏரிவரை போகலாம். பொழுது சாய்வதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்; இருட்டினால் காண்டாமிருகங்கள் வயலுக்கு மேய வருவதுண்டு.