பாம்பன் உப்புக்காற்றும் பழைய பியூஸ் போர்டும்

எங்கள் பாம்பன் வீட்டு மெயின் போர்டு அப்பா காலத்துத் தகரப் பெட்டி, பீங்கான் பியூஸ் கேரியர். உப்புக்காற்றில் தகரம் பொரிந்து, செம்பு முனையெல்லாம் பச்சைக் களிம்பு. களிம்பேறிய இணைப்பு சூடாகும்; மிக்சி போட்டாலே விளக்கு மினுங்கும். ஒருநாள் வயர் உறை கருகியிருந்ததைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

"இங்க இரும்பு தங்காது தம்பி, பிளாஸ்டிக் பெட்டி போட்டுருவோம்" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். எட்டு எம்.சி.பி. (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), பெட்டி எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய்; கூலி 1,500. நான் கணக்கில் வைக்காதது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. பழைய எர்த் குழாய் துருவேறி மண்ணுக்குள்ளேயே அற்றுக் கிடந்தது. செம்பு பூசிய புதுக் கம்பிக்கு இன்னொரு 3,000.

முதல் நாளே ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்தது. கிணற்று மோட்டாரில் கசிவு. அந்த மோட்டாரை அதுவரை வெறுங்காலோடுதான் போட்டுக்கொண்டிருந்தோம்.