மையலின் உறை உள்ள நரம்பிழையையும் உறையற்ற இழையையும் பிரித்தறிவது எப்படி?

நரம்பின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்க்க உட்காரும் மாணவர், அந்த ஸ்லைடு எந்தச் சாயத்தில் தயாரானது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான ஹிமடாக்சிலின்-இயோசின் ஸ்லைடில், திசுவைப் பதப்படுத்தும்போதே ஆல்கஹாலும் சைலீனும் இழையைச் சுற்றியுள்ள கொழுப்பு மிகுந்த உறையான மையலினின் கொழுப்பைக் கரைத்துவிடுவதால், ஆக்ஸான் (நரம்பு செல்லின் நீண்ட இழை) நடுவே சிறு புள்ளியாக நிற்க, அதைச் சுற்றி வெளிறிய வட்டம் மட்டுமே மிஞ்சுகிறது. ஆஸ்மியம் டெட்ராக்சைடோ கொழுப்பைக் கரையவிடாமல் பிடித்துக் கறுப்பாக்குவதால், அதே உறை கறுப்பு வளையல்போல் எடுப்பாகத் தெரியும். உறையற்ற இழைகள் பெரும்பாலும் 1.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டம் கொண்டவை என்பதால், வளையல்களுக்கு இடையே அவற்றைத் தனித்தனியே எண்ண முயல்வது வீண்வேலை.

மையலின் உறை இடையிடையே விட்டுப்போகும் இடமான ரான்வியர் கணுவைப் பார்க்க விரும்பினால் மெல்லிய நெடுவெட்டை நம்ப வேண்டாம். இரு கணுக்களுக்கு இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்வரை நீளக்கூடும் என்பதால், வெட்டில் கணு அகப்படுவது அரிது. ஆஸ்மியத்தில் ஊறிய நரம்பை இரண்டு ஊசிகளால் இழையிழையாகப் பிரித்துவைத்துப் பார்த்தால், கறுப்பு உறை சட்டென அறுபட்டு மீண்டும் தொடரும் இடம் கண்ணில் படும். உறையற்ற இழையில் இத்தகைய கணுவே கிடையாது.

விடைத்தாள்களில் அதிகம் காணும் பிழை, உறையற்ற இழைக்கு ஷ்வான் செல்லே (புற நரம்பிழைகளைச் சூழ்ந்து தாங்கும் துணைச் செல்) இல்லை என்று எழுதுவதுதான். புற நரம்புகளில் இருவகை இழைகளுக்கும் ஷ்வான் செல் உண்டு. உறையுள்ள இழையில் ஒரு செல் ஒரே ஆக்ஸானின் ஒரு துண்டைப் பல சுற்றுகளாகச் சுற்றிக்கொள்கிறது. உறையற்றதிலோ ஒரே செல் பல ஆக்ஸான்களைத் தன் மேற்பரப்பின் பள்ளங்களில் கிடத்திவைக்கிறது. ரீமாக் கற்றை எனப்படும் இவ்வமைப்பைத் தெளிவாகக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். மூளையிலும் தண்டுவடத்திலும் மையலினை உருவாக்குவது ஆலிகோடென்ட்ரோசைட் என்ற செல். அது பல ஆக்ஸான்களுக்கு ஒரே சமயத்தில் உறையிடும்.

வேக வேறுபாட்டை உணர ஸ்லைடு தேவையில்லை. உறையுள்ள இழையில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயில்கள் கணுக்களில் செறிந்திருப்பதால் தூண்டல் கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது. உறையற்றதில் சவ்வின் நெடுகிலும் ஊர்ந்தே போக வேண்டும். கால்விரலைக் கல்லில் இடித்துக்கொண்டால், மெல்லிய உறையுள்ள ஏ-டெல்டா இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கொண்டுவரும் சுருக்கென்ற வலி முதலில் தெரியும். நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாத, உறையற்ற சி இழைகளின் எரிச்சலான மந்த வலி, காலைப் பிடித்துக்கொண்டு குனிவதற்குள் வந்து சேரும்.